சாதி நாய்

1

காசு கொடுத்து வாங்கிய நாயை, அப்பன் ஆத்தாள் யாரென்று காகிதத்தில் எழுதி வைத்திருக்கிற நாயை, நம் ஜனங்கள் 'சாதி நாய்' என்கிறார்கள். "நல்ல சாதி நாயா ஒண்ணு வாங்கிக் கட்டிப் போடுங்க, திருட்டுப் பயம் இருக்காது" என்று யோசனை சொல்வார்கள். பத்திரிகைக்காரர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றி 'உயர்சாதி நாய்' என்று எழுதுவார்கள். அப்படியானால் சாதி இல்லாத நாய் எது? தெருவில் திரிகிறதே அது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் தெருநாய், சொறிநாய், நாட்டு நாய்.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் இன்றைக்கு நேரடியாக "நீ என்ன சாதி?" என்று கேட்பதில்லை. சட்டம் தெரிந்தவன். "தம்பிக்கு எந்த ஊரு?" என்பான். ஊர் பெயரைச் சொன்னால் "ஊருல எந்தப் பக்கம்?" என்பான். அதையும் சொன்னால் "அங்க யாரு வூடு?" என்பான். மூன்று கேள்வியில் நம் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடுவான். ஆனால் ஒரு ஆள் சங்கிலியில் நாயைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், நடுரோட்டில் சத்தமாகக் கேட்கிறான்: "என்ன ஜாதிங்க இது?" அந்த ஆளும் வெட்கமில்லாமல், பெருமையாக, சத்தமாகப் பதில் சொல்கிறான். மனிதனிடம் கேட்க முடியாமல் தொண்டைக்குள் கிடக்கிற கேள்வி நாயைப் பார்த்ததும் வெளியே குதித்துவிடுகிறது.

நாய்க் கண்காட்சி என்று ஒன்று நடக்கிறது. வளர்க்கிறவர்கள் தங்கள் செல்லங்களைக் குளிப்பாட்டிச் சீவிக் காரில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். பரிசு, கோப்பை, போட்டோ. பார்க்கிறவர்களுக்குப் பொழுதுபோக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பிராணிகள் மேல் அன்பு வைப்பது நல்லதுதானே? என் கேள்வி அந்த அன்பைப் பற்றியது. இனத்தின் மேல் வைக்கிற அன்பும் நாயின் மேல் வைக்கிற அன்பும் ஒன்றுதானா? பிறப்பைப் பதிவு செய்து, பிறப்பைக் காவல் காத்து, பிறப்புக்குக் கோப்பை கொடுக்கிற ஒரு பழக்கத்தை, பிறப்பால் ஒதுக்கி வைக்கப்பட்ட நாம் எப்படிப் பார்ப்பது?

2

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நாய்க் கண்காட்சி என்றால் ஊட்டிதான். கோடை சீசனில், மலர்க் கண்காட்சிக்குப் போகிற கூட்டம் அதையும் பார்த்துவிட்டு வரும். தென்னிந்திய கென்னல் கிளப் அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நடத்துகிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம். இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கொண்டுவந்து, அங்கே நரியை விரட்டியதுபோல் இங்கே நீலகிரிப் புல்வெளியில் குள்ளநரியை விரட்டியவர்கள் அவர்கள்.

மைதானத்தில் கயிறு கட்டி ஒரு வளையம் போட்டிருப்பார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆள் பல நேரங்களில் அதை வளர்க்கிறவர் இல்லை. கூலிக்கு ஓடுகிற பயிற்சிபெற்ற ஆள். நடுவர் நாயின் உதட்டை விலக்கிப் பல் வரிசையைப் பார்க்கிறார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்கிறார். முதுகைத் தடவுகிறார். ஆண் நாயென்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கிறார். ஓடவிட்டு நடையைப் பார்க்கிறார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலைதான். ஆனால் சந்தையில் பார்ப்பவன் இந்த மாடு உழுமா, பால் கறக்குமா என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். இங்கே பார்ப்பது வேறு. ஒவ்வொரு இனத்துக்கும் 'ஸ்டாண்டர்ட்' என்று எழுதிவைத்த ஒரு தர விதி இருக்கிறது. காது எப்படி மடிய வேண்டும், வால் எங்கே வளைய வேண்டும், மூக்கு என்ன நிறம், மயிர் எத்தனை நீளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் நிற்கிற நாயைவிட இந்த நாய் புத்திசாலியா, வளர்க்கிறவர்மேல் பாசம் வைத்திருக்கிறதா என்பதல்ல போட்டி. எழுதிவைத்த அந்த உருவத்துக்கு எது நெருக்கமாக இருக்கிறது என்பதே போட்டி.

இது ஆதிகால வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. நாய் மனிதனோடு பல்லாயிரம் வருஷமாக இருக்கிறது. நவீன நாய்க் கண்காட்சி 1859ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் தொடங்கியது. 1873ல் லண்டனில் கென்னல் கிளப். 1891ல் கிரஃப்ட்ஸ் கண்காட்சி. இன்றைய இந்தியக் கென்னல் கிளப்பின் தொடக்கம் 1896. அதற்கு முன்னால் நாய்களை வேலையால் பிரித்தார்கள்: ஆடு மேய்க்கிறது, முயல் பிடிக்கிறது, எலி பிடிக்கிறது, வாசலில் காவல் கிடக்கிறது. வேலையை நன்றாகச் செய்கிற நாயோடு வேலையை நன்றாகச் செய்கிற நாயைச் சேர்த்தார்கள். அதன் பாட்டன் யாரென்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கிளப் வந்த பிறகு வம்சப் பதிவேடு வந்தது. கொஞ்ச காலத்தில் பதிவேட்டை மூடினார்கள். பதிவேட்டில் உள்ள நாய்க்கும் பதிவேட்டில் உள்ள நாய்க்கும் பிறந்ததுதான் இனி அந்த இனம். வெளியிலிருந்து ஒரு துளி ரத்தமும் வரக் கூடாது.

மூடிய பதிவேடு. இது நமக்குத் தெரிந்த விஷயம். 1916ல், 25 வயதில், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கருத்தரங்கில் அண்ணல் அம்பேத்கர் சாதியைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். தொழில், சடங்கு, தீட்டு என்று ஆளாளுக்கு சாதிக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அவர் நிறுவினார். மூடிய வர்க்கமே சாதி என்றார். கதவைச் சாத்துவதில்தான் சாதி உண்டாகிறது. சாத்திய பிறகுதான் உள்ளே இருப்பவன் உயர்ந்தவன், வெளியே இருப்பவன் தாழ்ந்தவன் என்ற கதை. விக்டோரியா காலத்து இங்கிலாந்துச் சீமான்கள் நாய்க்குச் செய்ததை, நம் நாட்டில் மனிதனுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே செய்து முடித்திருந்தார்கள்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: "நாயில இனம் நெசமாவே இருக்கு தோழர். லாப்ரடாரும் பக்கும் ஒண்ணா? மனுசன்ல அப்படி இல்ல. ரெண்டையும் எப்படி ஒப்பிடலாம்?" நியாயமான கேள்வி. நாய்களில் உருவ வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது, உண்மைதான். அது எப்படி வந்தது? எது எதோடு சேர வேண்டும், எந்தக் குட்டி உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு கை முடிவு செய்ததால் வந்தது. கதவைத் திறந்துவிடுங்கள், நாலைந்து தலைமுறையில் எல்லாம் நாயாகிவிடும். மனிதர்கள் விஷயத்தில் அந்தக் கை இவ்வளவு காலம் முயன்றும் வேறு பிராணியை உண்டாக்க முடியவில்லை. சாதி ரத்தத்தை மேம்படுத்துகிறது என்று வாதாடியவர்களைப் பார்த்து, அப்படி என்ன உயர்ந்த மனிதரை உருவாக்கிக் காட்டிவிட்டது என்று 1936லேயே அம்பேத்கர் கேட்டுவிட்டார். 2013ல் ஐதராபாத் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் சேர்ந்து செய்த மரபணு ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. சுமார் 4200 வருஷத்துக்கு முன்பிருந்து 1900 வருஷத்துக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கலப்பு நின்றிருக்கிறது. 'தூய ரத்தம்' என்று மீசை முறுக்குகிற எல்லோருமே கலப்பில் பிறந்தவர்கள். கதவு பிறகு சாத்தப்பட்டது.

3

கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவனுக்காவது நல்லதா? நாயைக் கேட்டால் சொல்லும்.

புல்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தலை பெரிதாக வேண்டும், முகம் சப்பையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினார்கள். இன்று அதனால் இயல்பாகக் குட்டி போட முடிவதில்லை. பிரிட்டனில் 2010ல் வெளியான ஆய்வின்படி புல்டாக் பிரசவங்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் வயிற்றைக் கிழித்துத்தான் நடக்கின்றன. பக் நாய்க்கு மூச்சு விடுவதே பாடு. 2008ல் பிபிசி இதையெல்லாம் ஒரு ஆவணப்படத்தில் காட்டியது. பெரிய சண்டையாகி, அடுத்த வருஷம் கிரஃப்ட்ஸ் கண்காட்சியை பிபிசி ஒளிபரப்பவில்லை. கோப்பை வாங்கிய நாய் குளிர்சாதன அறையை விட்டு வெளியே வந்தால் இளைக்கிறது. நம் தெருவில் கிடக்கிற நாய் சித்திரை வெயிலில் அரியலூர் சுண்ணாம்புப் புழுதியில் படுத்து எழுந்து போகிறது.

டால்மேஷன் கதை இன்னும் பாடம். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட நாய். அந்த இனம் முழுவதற்கும் யூரிக் அமிலக் கோளாறு. அதனால் சிறுநீர்ப் பையில் கல் வரும். பதிவேட்டுக்குள் இருந்த எல்லா நாய்க்கும் அந்தக் குறை இருந்ததால், உள்ளே தேடி மருந்து கிடைக்கவில்லை. 1973ல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர் ஒரே ஒரு முறை பாயின்டர் இன நாயோடு டால்மேஷனைச் சேர்த்தார். பிறகு வந்த தலைமுறைகளையெல்லாம் டால்மேஷனோடே சேர்த்தார். கோளாறு இல்லாத குட்டிகள் பிறந்தன, பார்த்தால் டால்மேஷன்தான். 1981ல் அமெரிக்கக் கென்னல் கிளப் இரண்டைப் பதிவு செய்தது. இனச் சங்கத்தார் கொதித்தார்கள். பதிவு நிறுத்தப்பட்டது. மறுபடி கதவு திறந்தது 2011ல். முப்பது வருஷம். பல தலைமுறைக்கு முன்னால் ஒரு பாட்டன் வேற்றினம் என்பதற்காக, நோயில்லாத நாயை விலக்கி, நோயுள்ள நாயைத் 'தூயது' என்று வைத்துக்கொண்டார்கள். பிள்ளை செத்தாலும் பரவாயில்லை, குலம் கெடக் கூடாது என்கிற குரல் உங்களுக்குக் கேட்கவில்லையா?

நம் தமிழ்நாட்டு இனங்களும் இதற்கு விலக்கில்லை. இராஜபாளையம் நாய் பால்வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதே தாய்க்கு வேறு நிறத்திலும் குட்டிகள் பிறப்பதுண்டு. வெள்ளையைக் காப்பாற்ற அந்தக் குட்டிகளைக் கழித்துவிடுவது பழைய வழக்கம். கழிப்பது என்றால் கொல்வது. அந்த வெள்ளையோடு சேர்ந்து காது கேளாமையும் இந்த இனத்தில் வருகிறது. ஒரே வயிற்றில் பிறந்த கறுத்த குட்டியைக் கொன்று, காது கேட்காத வெள்ளைக் குட்டியை அழகு என்று தூக்கிக் கொஞ்சுகிற மனத்தை நாம் எங்கெல்லாம் பார்த்திருக்கிறோம்!

4

இப்போது சேரிக்கு வருவோம். இந்தக் கண்காட்சி உலகத்தில் நம் பெயரும் இருக்கிறது. நாயின் பெயராக இருக்கிறது.

'பறையா டாக்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். யாருக்கும் சொந்தமில்லாத, தெருவில் திரிகிற நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர். யூலும் பர்னலும் தொகுத்து 1886ல் வெளியான ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இந்தச் சொல் ஏறியிருக்கிறது. பர்னல், அரியலூருக்குப் பக்கத்தில் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். பருந்துக்கும் அப்படித்தான் பெயர், மட்டமான சாராயத்துக்கும் அப்படித்தான் பெயர். ஊருக்கு வெளியே இருப்பது, அழுக்கு தின்பது, உரிமையாளர் இல்லாதது எல்லாவற்றுக்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். இந்தப் பார்வையை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவரவில்லை. இங்கே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

அமெரிக்காவின் யுனைடெட் கென்னல் கிளப்பில் இன்றும் 'பறையா நாய்கள்' என்று சேர்த்து ஒரு பிரிவுக்குப் பெயர் இருக்கிறது. அங்கே அந்தப் பெயரில் நாய்கள் வளையத்தில் ஓடுகின்றன, பரிசு வாங்குகின்றன. எழுதியவனுக்கு அது வெறும் வகைப் பெயர். தன் பெயரை உலகம் எதற்குப் பயன்படுத்துகிறது என்று மிக்சிகனில் ஓடும் அந்த நாய்க்கும் தெரியாது, பெரம்பலூர் பக்கம் வெங்காயக் காட்டில் களை பிடுங்கும் நம் அத்தைக்கும் தெரியாது. 1893ல் ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். அகராதிகள் நம் பெயரை நாய்க்கும் பருந்துக்கும் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதைத் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சடித்தார். பெயரைத் திரும்பப் பிடுங்குவது என்றால் இதுதான்.

இதில் இன்னொரு முரண் உண்டு. ருடால்ஃபினா மென்செல் என்ற யூதப் பெண்மணி ஆஸ்திரியாவில் நாய் வல்லுநராக இருந்தவர். 1938ல் நாஜிகள் வந்ததும் பாலஸ்தீனத்துக்கு ஓடினார். 'தூய ரத்தம்' என்ற பைத்தியக்காரத்தனம் அவரை ஊரைவிட்டு விரட்டியது. மாக்ஸ் வேபர் யூதர்களைக் குறிக்க எடுத்துக்கொண்ட சொல்லும் இதே 'பறையா'தான். அந்தப் பெண்மணி பாலைவனத்தில் திரிந்த தெருநாய்களைப் பிடித்துப் பழக்கினார். 'பறையா நாய்கள்' என்ற தலைப்பிலேயே ஜெர்மனில் 1960ல் நூலும் வந்தது. அந்த நாய்க்குக் கானான் நாய் என்று பெயர் வைத்து, தர விதி எழுதி, தூய இனமாக்கினார்கள். இன்று அது உலகக் கண்காட்சிகளில் ஓடுகிறது. விரட்டப்பட்டவர் கையால் விரட்டப்பட்ட நாய் உயர்ந்தது. அதற்கு விலையாக, அந்த நாய்க்கும் ஒரு பதிவேடு வந்தது. அதே தெருவில் மீதி நின்ற அண்ணன் தம்பி நாய்கள் தெருநாயாகவே நின்றன.

இதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்க வேண்டும்.

5

எங்கள் தெருவில் எனக்கு அண்ணன் முறையாகிறவரின் மகன் ஒருவன். சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் டிரைவர். சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கி வளர்த்தான். வீட்டில் ஏற்கனவே மணி என்று ஒரு நாட்டு நாய். ஒருமுறை ஒரு நகரத்தில் நாய்க் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, இரண்டையும் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். "நீங்களும் வாங்க சித்தப்பா, எழுதுறதுக்கு எதாச்சும் கெடைக்கும்" என்றான். போனேன்.

பதிவு செய்கிற மேசையில் ஒரு ஆள். சிப்பிப்பாறையின் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மணியைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"நாட்டு நாய் சார்."

"நாட்டு நாய்னா? பிரீட் என்ன?"

"எங்க ஊரு நாய் சார்."

"அப்பா அம்மா யாரு?"

"அம்மா எங்க தெருவுலதான் கெடந்துச்சு. அப்பா யாருன்னு அதைத்தான் சார் கேக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேசைக்காரரும் சிரித்தார். கெட்ட மனிதரில்லை. "இதையெல்லாம் உள்ள விட முடியாது தம்பி, வெளியில கட்டிட்டு வாங்க" என்றார். "சித்தப்பா, நீங்க இதோட இருங்க" என்று சொல்லிவிட்டு அவன் மற்றதோடு உள்ளே போனான். கேட்டுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் நானும் மணியும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நாய் மலத்தை அள்ளிப் போடுகிற பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலைந்து முறை வெளியே வந்து போனார். என்ன ஊர், எந்தப் பக்கம் என்று நான் அவரைக் கேட்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வரும்போது அவன் கேட்டான்: "நம்ம நாயிக்கும் ஒரு சங்கம் வெச்சு, இன்னின்ன மாதிரி இருக்கணும்னு எழுதிப் பேப்பர் வாங்கிட்டா என்ன சித்தப்பா? அப்ப உள்ள விட்டுத்தான ஆவணும்?"

இது அவனுடைய கேள்வி மட்டுமில்லை. தலித் அரசியலின் பழைய கேள்வி. அவர்கள் வளையத்துக்குள் நமக்கும் ஒரு இடம் கேட்பதா, வளையத்தையே கேள்வி கேட்பதா? கோவிலுக்குள் போவதா, கோவிலை விட்டுப் போவதா? உள்ளே போவதற்கான போராட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குளத்துக்கு, தெருவுக்கு, தேருக்கு, பள்ளிக்கூடத்துக்குள் நுழைவது உரிமை. ஏனென்றால் தண்ணீர் தண்ணீர்தான், யார் குடித்தாலும் தாகம் தீரும். ஆனால் நாய்க் கண்காட்சி வளையம் குளம் மாதிரி இல்லை. விலக்குவது என்ற காரியத்துக்காகவே அது கட்டப்பட்டது. மணிக்குப் பேப்பர் வாங்கினால், மணியைப் போல் வால் வளையாத, மணியைப் போல் நிறமில்லாத நம் தெருவின் மற்ற நாய்கள் எல்லாம் அன்றைக்கே கீழே போகும். அப்புறம் மணியின் வம்சம் கெடாமல் இருக்க, அதைக் கட்டிவைக்க வேண்டும். தெருவில் விடக் கூடாது. சேரிக்குள்ளேயே ஒரு ஊர், ஒரு சேரி. நமக்குள் இருக்கிற பறையர், பள்ளர், சக்கிலியர் என்ற படிக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

'நாட்டு இனம் காப்போம்' என்று இப்போது ஒரு அலை. 2005ல் இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, இந்திய நாய்களை வளர்க்கச் சொன்னார். வெளிநாட்டு நாயை வாங்கி இந்த வெயிலில் வதைப்பதைவிட நம் மண்ணின் நாயை வளர்ப்பது நல்லதுதான். ஆனால் பேச்சைக் கவனியுங்கள்: ஜமீன் வளர்த்தது, பாளையக்காரர் வளர்த்தது, பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது, கலப்பில்லாதது. மண்ணின் பெயரில் ஆண்ட பரம்பரைக் கதைதான் திரும்ப வருகிறது. அந்த ஜமீன் வேட்டைக்குப் போனபோது புதரை அடித்து முயலைக் கிளப்பியவன் யார்? நாய்க்குக் கறி வெட்டிப் போட்டவன் யார்? அவன் பெயர் எந்த வம்சாவளியிலும் இல்லை. வெள்ளைக்காரன் பதிவேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளூர்ப் பதிவேடு எழுதுவதில் நமக்கு என்ன விடுதலை?

6

ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கிற இந்த நாட்டில் நாயும் சும்மா நாயாக இருக்க முடிந்ததில்லை. மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். சண்டாளனும் 'நாய் சமைப்பவனும்' ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். உடைந்த பாத்திரத்தில் தின்ன வேண்டும். பிணத்தின் துணியை உடுத்த வேண்டும். நாயும் கழுதையும்தான் அவர்களுடைய சொத்து. மகாபாரதத்தில் தருமனோடு மலையேறிய நாய் கடைசியில் தருமதேவதையாக மாறுகிறது. எல்லோரும் அதைச் சொல்வார்கள். அதே பாரதத்தில் இன்னொரு நாய் இருக்கிறது. பாண்டவர்களின் வேட்டை நாய். காட்டில் கறுத்த உடம்போடு, அழுக்கோடு, சடைமுடியோடு நின்ற ஒரு வேடர் பையனைப் பார்த்துக் குரைத்தது. அவன் அதன் வாயை அம்புகளால் அடைத்தான். அந்த நாய் திரும்பி ஓடித்தான் ஏகலைவன் என்று ஒருவன் இருப்பது எசமானர்களுக்குத் தெரிந்தது. கட்டைவிரல் போனது. கறுப்பு உடம்பைப் பார்த்தால் குரைக்க அந்த நாய்க்குக் கற்றுக் கொடுத்தது யார்? பங்களா வாசலில் நம்மைப் பார்த்து மட்டும் பாய்கிற நாய்களை இன்றும் பார்க்கிறோம். நாய் தன் எசமானின் கண்ணால் பார்க்கப் பழகிவிடுகிறது.

2010 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில் நடந்தது அன்றைய பத்திரிகைகளில் வந்தது. ஆதிக்கச் சாதிக்காரர் வீட்டு நாய், பெயர் ஷேரு. ஒரு தலித் பெண் மீந்த ரொட்டியை அதற்குப் போட்டார். நாய் தின்றது. எசமானர் பார்த்துவிட்டுக் கத்தினார். ஷேரு தீட்டாகிவிட்டது என்று வீட்டை விட்டு விரட்டினார்கள். பஞ்சாயத்துக் கூடியது. நாயை இனி அந்தப் பெண்ணே வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு 15,000 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும். ரொட்டி தின்பதற்கு முன்னால் ஷேரு சாதி நாய். தின்ற பிறகு சேரி நாய். ரத்தம் மாறவில்லை, பல் மாறவில்லை, வால் மாறவில்லை. கண்காட்சி நடுவர் எவ்வளவு தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத மாற்றம் அது. இனம் என்பது நாயின் உடம்பில் இல்லை, அதைப் பிடித்திருக்கிற கையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் தென்மாவட்டத்திலும் உண்டு. மதுரைப் பக்கத்துச் சில கிராமங்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் வெளியே கொண்டுவந்தன. ஏன் ஆண் நாய்? சேரி ஆண் நாய் ஊர்ப் பெட்டை நாயோடு சேர்ந்துவிடும். இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் இந்த இடத்தில்தான் அகமணத்தின் அச்சம் முழு அம்மணமாக நிற்கிறது. நாயைத் தடுக்கிற அதே கை மனிதனை விட்டுவிடுமா? எங்கள் மாவட்டங்களுக்கு அடுத்தாற்போல், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003ல் முருகேசனும் கண்ணகியும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். அவர் தலித், அவர் வன்னியர். சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆயிற்று. 2016ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர். மனிதர்களின் வம்சப் பதிவேட்டைக் காப்பது அரிவாளும் விஷமும். நாய்க் கண்காட்சிக்குப் போகிறவன் கொலைகாரன் என்று நான் சொல்லவில்லை. 'தூய பிறப்பு' என்பதை அழகு என்று ரசிக்கப் பழகிய கண், அது மனிதனிடம் வரும்போது மட்டும் வேறு மாதிரிப் பார்க்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என்கிறேன்.

7

கடைசியாக, நாமே சொல்கிற ஒரு வாக்கியம். "எங்கள நாயை விடக் கேவலமா நடத்துறாங்க." மேடையிலும் மனுவிலும் இதை எத்தனை முறை சொல்லியிருப்போம். 1931 ஆகஸ்ட் 14ல் பம்பாய் மணிபவனில் காந்தியைச் சந்தித்தபோது அம்பேத்கரும் இதைச் சொன்னார். நாயும் பூனையும் பெறுகிற மதிப்பும் கிடைக்காத இந்த நாட்டை எப்படி என் தாய்நாடு என்பேன் என்று கேட்டார். அது உண்மை நிலவரம். 1927 மார்ச்சில் மகாடு குளத்தில் நாயும் மாடும் இறங்கிக் குடித்தன, யாரும் குளத்தைக் கழுவவில்லை. நம் மக்கள் இரண்டு கை அள்ளிக் குடித்ததும் 108 குடம் பஞ்சகவ்யம் கொட்டிக் கழுவினார்கள். ஒப்பீடு நாம் உண்டாக்கியதில்லை, அவர்கள் உண்டாக்கியது.

2015ல் அரியானாவில் இரண்டு தலித் குழந்தைகள் எரித்துக் கொல்லப்பட்டபோது, நாயின் மேல் யாரோ கல்லெறிந்தால் அரசு பொறுப்பா என்கிற மாதிரி மத்திய அமைச்சர் வி.கே.சிங் பேசினார். நாடே கொதித்தது. கொதிப்பு சரி. ஆனால் நம் கோபம் "நாங்கள் நாயா?" என்பதோடு நின்றுவிடக் கூடாது. நாயின் மேல்தான் ஏன் கல்லெறிய வேண்டும்? கல்லெறியப்படுவதற்கென்றே ஒரு பிறவி இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால், அந்தப் படிக்கட்டை நாமும் ஒத்துக்கொண்டதாகிறது. நம்மை ஒரு படி மேலே நிற்க வைக்கச் சொல்லிக் கேட்டதாகிறது.

தெருநாயைப் புனிதமாக்க நான் வரவில்லை. வெறிநாய்க் கடியில் சாகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், நம் பிள்ளைகள். ஊசி போடுவதும் கருத்தடை செய்வதும் அரசின் வேலை. அதைக் கேட்டுப் போராட வேண்டும். அது வேறு, பிறப்பை வைத்து நாயை மதிப்பது வேறு.

1934 பிப்ரவரியில் பம்பாய் ராஜகிருகத்தில் எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. அம்பேத்கர், ரமாபாய், மகன் யஷ்வந்த், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்த். கூடவே ஒரு நாய். அதன் பெயர் டோபி, அண்ணலின் செல்லம். அடுத்த வருஷம் ரமாபாய் இறந்துபோனார். நாயையும் பூனையையும் விடக் கீழாக நடத்தப்படுகிறோம் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னவர், நாயை வெறுக்கவில்லை. வீட்டு மனிதர்களோடு அதையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்து டோபி என்ன இனம் என்று ஆராய்கிறவர் இருக்கலாம். அந்த வீட்டில் அது டோபி.

அண்ணன் மகனுக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். சிப்பிப்பாறையை வளர், நல்ல நாய். மணியையும் வளர். இரண்டையும் அவிழ்த்து விடு. எது எதோடு சேர்கிறது என்று காவல் காக்காதே. குட்டி போட்டால் கறுப்பு வெள்ளை பார்க்காமல், கேட்கிற வீட்டுக்கெல்லாம் கொடு. ரோட்டில் எவனாவது நிறுத்தி "என்ன ஜாதிங்க இது?" என்று கேட்டால், நாயின் பெயரைச் சொல். மறுபடி கேட்டால், மறுபடியும் பெயரைச் சொல்.